அறுபது டாலர் கண்ணாடியும் பத்து நாள் கலவரமும்

ஆன்லைன் கேம்னா என்னன்னே தெரியாதவங்களும் இந்தப் பதிவைத் தாராளமாப் படிக்கலாம். எந்த பட்டனை அமுக்கணும், எப்படிச் சுடணும்னெல்லாம் பாடம் எடுக்கப் போறதில்லை. ஒரு கம்பெனி, அதுக்கு மாசாமாசம் காசு கட்டுற ஜனங்க, நடுவுல ஒரு கேள்வி. அவ்வளவுதான் கதை.

"காசு இருந்தா இந்த ஆட்டத்துல எதை வேணும்னாலும் வாங்கிடலாமா?"

கேட்டவங்க ஆடுறவங்க. பதில் சொல்ல வேண்டியிருந்தவங்க ஆட்டத்தை உருவாக்கினவங்க. சம்பவம் நடந்த இடம் பாதி ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக், பாதி கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒரு விண்வெளி. வருஷம் 2011. இந்தக் கேமை நான் ஆடினதை விட அதைப் பத்திப் படிச்சதுதான் அதிகம். அதுல ஒண்ணும் வெக்கமில்லை, உலகம் பூரா நிறைய பேரு அப்படித்தான் :-)

முன்கதைச் சுருக்கம்

2006 ஏப்ரல்ல பெதஸ்டா கம்பெனி 'ஆப்லிவியன்'ங்கிற கேமுக்கு ஒரு குதிரைக் கவசத்தை ரெண்டரை டாலருக்கு வித்துது. கேமை ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியாச்சு, அதுக்குள்ள ஓடுற குதிரைக்கு சட்டை போட தனிக்காசா? ஊரே சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே வாங்கவும் செஞ்சுது. ஆடுறவங்க வாய் ஒண்ணு சொல்லும், பர்ஸ் வேற ஒண்ணு சொல்லும்னு கம்பெனிகள் பாடம் படிச்சுக்கிட்ட நேரம் அது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ஈவ் ஆன்லைன்

சிசிபி கேம்ஸ், 1997ல ரெய்க்யவிக்ல ஆரம்பிச்ச கம்பெனி. 2003 மே மாசம் 'ஈவ் ஆன்லைன்' வெளிவந்துச்சு. மாசச் சந்தா 14.95 டாலர். விண்கப்பல் ஓட்டணும், சுரங்கம் தோண்டணும், வியாபாரம் பண்ணணும், சண்டை போடணும், கூட்டணி அமைக்கணும், கூட்டணியைக் கவுக்கணும். நம்ம அரசியல் மாதிரியேதான், ஆனா விண்வெளியில.

மத்த கேம்கள்ல இருந்து இது மூணு விஷயத்துல தனி.

ஒண்ணு, எல்லாரும் ஒரே உலகத்துல ஆடணும். மத்த பெரிய கேம்கள்ல ஆட்களைப் பல சர்வர்களாப் பிரிச்சு விடுவாங்க. இங்க 'ட்ராங்குவிலிட்டி'ன்னு ஒரே உலகம் (சீனாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு). நீங்க செய்யற நல்லது கெட்டது எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ரெண்டு, போனா போனதுதான். கப்பல் வெடிச்சா மறுபடி வராது. 2014 ஜனவரியில பி-ஆர்5ஆர்பிங்கிற இடத்துல நடந்த சண்டையில டைட்டன்ங்கிற ராட்சசக் கப்பல்கள் மட்டும் 75 அழிஞ்சுது. நஷ்டத்தை நிஜப் பணத்துல கணக்குப் போட்டவங்க 3 லட்சம் டாலர்னு சொன்னாங்க.

மூணு, திறமையை அவசரப்படுத்த முடியாது. ஒரு பெரிய கப்பலை ஓட்டக் கத்துக்கணும்னா நிஜ நாட்கள், நிஜ மாசங்கள் காத்திருக்கணும். தூங்கினாலும் கடிகாரம் ஓடும், ஆனா வேகமா ஓடாது. பழைய ஆளுங்களுக்கு மரியாதையே அதனாலதான். அஞ்சு வருஷ கேரக்டர்னா அஞ்சு வருஷ வாழ்க்கை.

இந்த மூணையும் சேர்த்துப் பாருங்க. இங்க ஒருத்தன் காசு கொடுத்து பலத்தை வாங்கினா, அதனால அழியப் போறது இன்னொருத்தனோட உழைப்பு. அதுவும் நிரந்தரமா. தலைப்புல இருக்கிற கலவரத்துக்கு வேர் இதுதான்.

கேள்வி கேக்கற பழக்கம் எப்படி வந்துச்சு?

2007 பிப்ரவரியில ஒரு குட்டு உடைஞ்சுது. சிசிபியில வேலை பார்த்த டெவலப்பர் ஒருத்தர், தான் ஆடுற குழுவுக்கு மத்தவங்களுக்கு எளிதுல கிடைக்காத கப்பல் வரைபடங்களைத் தன் அதிகாரத்தை வச்சே எடுத்துக் கொடுத்திருந்தார். அந்தக் குழு அப்ப ஆட்டத்துலயே பலமான கூட்டணிகள்ல ஒண்ணான 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்'ல இருந்துச்சு. அவரே ஒத்துக்கிட்டார். அம்பயரே ஒரு டீமுக்கு பேட் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எதிர்க்கூட்டணிக்காரங்க விடுவாங்களா? அடுத்தடுத்துக் குற்றச்சாட்டு. அந்த வருஷம் நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தி போச்சு.

சிசிபி இதுக்குக் கண்டுபிடிச்ச மருந்து கேம் உலகத்துக்கே புதுசு: தேர்தல்! 'கவுன்சில் ஆஃப் ஸ்டெல்லார் மேனேஜ்மெண்ட்', சுருக்கமா சிஎஸ்எம். ஆடுறவங்களே நின்னு, ஆடுறவங்களே ஓட்டுப் போட்டு, 2008ல முதல் கவுன்சிலுக்கு 9 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. ஜெயிச்சவங்களை கம்பெனி செலவுல ரெய்க்யவிக்குக்கு விமானத்துல கூட்டிட்டுப் போய், மேஜையில உக்கார வச்சு, டெவலப்பர்களைக் கேள்வி கேக்க விட்டாங்க. என்ன பேசினாங்கன்னு குறிப்பும் வெளியிட்டாங்க.

ரொம்பப் புல்லரிச்சுக்க வேண்டாம். கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்ல மட்டும்தான் உரிமை, முடிவு கம்பெனியோடது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்துல கையெழுத்து போடணும், அதனால தெரிஞ்சதுல பாதியை வெளிய பேச முடியாது. ஓட்டு அக்கவுண்ட்டுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு இல்ல. நாலு அக்கவுண்ட் வச்சிருக்கிறவருக்கு நாலு ஓட்டு. பெரிய கூட்டணிகள் ஆள் திரட்டி ஜெயிக்கறது சகஜம். (எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா?) ஆனா ஒரு விஷயம் நடந்துச்சு. கம்பெனி முடிவைப் பத்திக் கேள்வி கேக்கறது தன் உரிமைன்னு ஜனங்களுக்குப் பழகிப் போச்சு.

ப்ளெக்ஸ்ங்கிற கெட்டிக்காரத்தனம்

அதே 2008ல ப்ளெக்ஸ் வந்துச்சு. ஒரு மாசச் சந்தாவை ஒரு பொருளா மாத்தி ஆட்டத்துக்குள்ளயே விட்டாங்க. காசு இருக்கிறவர் டாலர் கொடுத்து ப்ளெக்ஸ் வாங்கி, உள்ளுக்குள்ள இருக்கிற ஐஎஸ்கே பணத்துக்கு விப்பார். நேரம் நிறைய இருக்கிறவர் சுரங்கம் தோண்டிச் சேத்த ஐஎஸ்கேயைக் கொடுத்து அதை வாங்கி, சந்தா கட்டாமலே ஆடுவார். (ஐஎஸ்கேங்கிறது ஐஸ்லாந்தோட நிஜ நாணயமான க்ரோனாவுக்கும் சுருக்கப் பேரு. நக்கல் புடிச்ச ஆளுங்க!)

இதை ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. ஏன்னா கப்பலோ பணமோ புதுசா வானத்துல இருந்து குதிக்கலை. யாரோ ஒருத்தர் ஆடிச் சம்பாதிச்சதுதான் கை மாறுது. அதாவது காசு பேசுறதுக்கு ஆடுறவங்க முழுசா எதிரி இல்லை. காசு எங்க வரைக்கும் பேசலாம்னு மனசுல ஒரு கோடு இருந்துச்சு. கோடு எங்க இருக்குன்னு யாரும் எழுதி வைக்கலை. மிதிச்சப்பதான் தெரிஞ்சுது.

ஜூன் 21, 2011

'இன்கார்னா'ன்னு ஒரு பெரிய அப்டேட். அதுவரைக்கும் ஈவ்ல நீங்கன்னா உங்க கப்பல்தான். இனிமே கப்பலை விட்டு இறங்கி மனுஷனா நடக்கலாம்னு ரொம்ப வருஷமாச் சொல்லிட்டிருந்தாங்க. வந்தது என்ன? ஒரே ஒரு ரூம். அதுல ஒரு சோபா, ஒரு கண்ணாடி, ஒரு டிவி, ஒரு கதவு. கதவு திறக்காது! மத்தவங்களைப் பாக்க முடியாது, எங்கயும் போக முடியாது. தனியா உலாத்திட்டு கப்பலுக்கே திரும்பிடணும். பல பேருக்கு கிராஃபிக்ஸ் கார்டு சூடானதுதான் மிச்சம்.

கூடவே 'நோபிள் எக்ஸ்சேஞ்ச்'னு ஒரு துணிக்கடை. ப்ளெக்ஸை 'ஆரம்'ங்கிற இன்னொரு பணமா மாத்தி அங்க செலவழிக்கணும். ஒரு ப்ளெக்ஸுக்கு 3,500 ஆரம். கடையில இருந்த ஒத்தக் கண்ணாடி, அந்தக் காலத்துப் பிரபுக்கள் ஒரு கண்ணுல மட்டும் மாட்டிப்பாங்களே, அது 12,000 ஆரம். டாலர்ல சுமார் 60. அன்னைக்கு டாலர் 45 ரூபா பக்கம். 2,700 ரூபாய்க்கு ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி, அதுவும் நம்ம மூஞ்சிக்கு இல்ல! முழு கேமே 60 டாலருக்குக் கிடைச்ச காலம்.

இது வரைக்கும் கூட கிண்டலோட போயிருக்கும். பிடிக்காதவன் வாங்கலை, அவ்வளவுதானே? அடுத்த ரெண்டு நாள்ல நடந்ததுதான் பெட்ரோல்.

கசிவு ஒண்ணு, கசிவு ரெண்டு

சிசிபி ஊழியர்களுக்கு மட்டும் சுத்துக்கு விடற 'ஃபியர்லெஸ்'ங்கிற உள் இதழ் வெளிய கசிஞ்சுது. அந்த இதழோட விஷயமே 'பேராசை நல்லதா?'ங்கிற கேள்வி. உள்ளுக்குள்ள ஊழியர்களே ரெண்டு பக்கமும் வாதாடியிருந்தாங்க. அதுல ஒரு பக்கம், துணிமணியோட நிக்காம கப்பல், குண்டு இதையெல்லாம் கூட காசுக்கு விக்கலாமேன்னு பேசியிருந்துச்சு. வாதத்துக்காக எழுதினதா, நிஜத் திட்டமான்னு வெளிய இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஜனங்க கேட்டது ஒத்த வரிக் கேள்வி. "தங்கத் தோட்டா விப்பீங்களா, மாட்டீங்களா?" தங்கத் தோட்டாங்கிறது 'வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்'ல இருந்து வந்த வார்த்தை. அதுல அப்ப நிஜக் காசு கொடுத்து வாங்கின 'கோல்டு'லதான் அதிகமாத் துளைக்கிற குண்டு கிடைக்கும்.

கம்பெனி பதில் எழுதுச்சு. எப்படி? ஆயிரம் டாலருக்கு விக்கிற ஜீன்ஸும் உலகத்துல இருக்கேன்னு உதாரணம் சொல்லிச்சு. கேட்ட கேள்விக்கு ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. விலையைப் பத்திக் கேட்டதா நினைச்சு விலையைப் பத்திப் பேசிட்டாங்க. தோட்டாவைப் பத்திக் கேட்டா ஜீன்ஸைப் பத்திச் சொல்றியேன்னு கொதிப்பு இன்னும் ஏறிடுச்சு.

அடுத்து ரெண்டாவது கசிவு. தலைமை நிர்வாகி ஹில்மர் வெய்கர் பெட்டுர்ஸன் ஊழியர்களுக்கு அனுப்பின மெயில். 40 மணி நேரத்துல 52 கண்ணாடி வித்திருக்கு, கடையிலயே அதிக வருமானம் அதுலதான்னு ஒரு கணக்கு. இந்த மாதிரி நேரத்துல ஜனங்க சொல்றதைப் பாக்காம அவங்க செய்யறதைப் பாக்கணும்னு ஒரு உபதேசம்.

குதிரைக் கவசப் பாடம் ஞாபகம் இருக்கா? அதேதான். இதுல அவர் முட்டாள்தனமா எதுவும் சொல்லிடலை. கேம் வியாபாரத்துல நிறைய தடவை உண்மையான விஷயம். ஆனா காசு கட்டுறவன் கண்ணுல படற மாதிரி இதைச் சொன்னா, அவனுக்குக் கேக்கறது ஒரே அர்த்தம்தான்: "நீ கத்திக்கிட்டே இரு, பர்ஸை மட்டும் திறந்து வை."

சிலை மேல சூடு

சரி, செய்யறதைத்தானே பாப்பே? பாத்துக்கோன்னு ஆரம்பிச்சாங்க.

ஜிட்டாங்கிறது ஈவ்ல பெரிய சந்தை. நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி எப்பவும் ஜே ஜேன்னு கூட்டம். அங்க ஸ்டேஷன் வாசல்ல ஒரு நினைவுச் சிலை. சேதமே ஆகாத சிலை. ஆயிரக்கணக்கான பேர் கப்பலை எடுத்துட்டு வந்து அதைச் சுத்தி நின்னு சுட ஆரம்பிச்சாங்க. அமார்னு இன்னொரு சந்தையிலயும் அதே கூத்து. சுட்டா உடையாது, பரிசு கிடையாது, ஸ்கோர் கிடையாது. சர்வர் திணற, திரை பூரா லேசர். வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் அழிச்சுக்கிட்டிருந்த எதிரிக் கூட்டணிகள் பக்கத்துப் பக்கத்துல நின்னு ஒரே இலக்கைச் சுட்டுது.

இன்னொரு பக்கம் நிறைய பேர் சந்தாவை நிறுத்தினாங்க. 'செய்யறதைப் பாரு'ன்னு சொன்னவருக்கு, செய்யறதுலயே வந்த பதில்.

சிசிபி கவுன்சிலை அவசரமா ரெய்க்யவிக்குக்கு வரவழைச்சுது. ஜூன் 30, ஜூலை 1 ரெண்டு நாள் கூட்டம். அடுத்த நாள் கூட்டறிக்கை: ஆட்டத்தோட போக்கை மாத்தற எதையும் காசுக்கு விக்கிற திட்டம் இல்லை, உடுப்பு, கப்பலுக்கு மேல்பூச்சு மாதிரி அலங்காரச் சாமான் மட்டும்தான். கண்ணாடி விலை பத்தி ஜனங்களும் அதுக்கப்புறம் பெருசா அலட்டிக்கலை. கவனிச்சீங்களா? கோபம் 60 டாலர் மேல இல்ல.

அக்டோபர் 5ல ஹில்மர் பகிரங்கமா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். தன் அகந்தையையும், ஜனங்க சொன்னதைக் காதுல வாங்காததையும் ஒத்துக்கிட்டார். ரெண்டு வாரத்துல இன்னொரு செய்தி: சிசிபி ஊழியர்கள்ல சுமார் 20 சதவீதம் பேருக்கு வேலை போச்சு. ஒரே நேரத்துல பல கேம்கள்ல கால் வச்சிருந்ததும் அதுக்குக் காரணம்தான். ஆனா கடையை வச்சு கல்லாவை நிரப்பலாம்னு முடிவெடுத்த மேலிடத்துக்கும், மூட்டையைக் கட்டிட்டுப் போன ஆர்ட்டிஸ்டுக்கும் சம்பந்தம் இல்லையே! வெற்றிக்கதையாச் சொல்றவங்க இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போயிடுவாங்க.

நவம்பர் கடைசியில வந்த 'க்ரூசிபிள்' அப்டேட்ல மறுபடி கப்பல், கப்பல், கப்பல்தான். சின்னச் சின்னதா வருஷக்கணக்காக் கிடந்த குறைகளைச் சரி பண்ணினாங்க. அந்தத் திறக்காத கதவு வச்ச ரூமை 2017ல மொத்தமாவே எடுத்துட்டாங்க.

வாக்குறுதிக்கு வயசாகும்

இத்தோட முடிச்சா சினிமா. நிஜத்துல அஞ்சு வருஷம் கழிச்சு, 2016 பிப்ரவரியில 'ஸ்கில் இன்ஜெக்டர்' வந்துச்சு. ஒரு கேரக்டர் கத்துக்கிட்ட திறமையில 5 லட்சம் புள்ளியை உறிஞ்சி எடுத்து, புட்டியில அடைச்சு, சந்தையில விக்கலாம். உறிஞ்சற கருவியை மட்டும் கம்பெனி விக்கும். வாங்கறவர் ரொம்பப் பழைய ஆளா இருந்தா முழுசும் ஏறாது, கம்மியாத்தான் ஏறும்.

தூங்கினாலும் வேகமா ஓடாதுன்னு சொன்ன அந்தக் கடிகாரம்? இப்ப காசு இருந்தா ஓடும். "புதுசா ஒரு புள்ளியும் உருவாக்கலையே, ஒருத்தர் கத்துக்கிட்டது இன்னொருத்தருக்குப் போகுது"ன்னு பதில். ப்ளெக்ஸுக்குச் சொன்ன அதே நியாயம். தர்க்கப்படி 2011 வாக்குறுதி மீறலைன்னு கூட வாதாடலாம். ஆனா அதே ஆட்டத்துல அஞ்சு வருஷம் காத்திருந்தவன் கிட்ட அந்தத் தர்க்கத்தைச் சொல்லிப் பாருங்க.

புலம்பல் இருந்துச்சு, ஆனா யாரும் ஜிட்டாவுல கூட்டமாப் போய் சிலையைச் சுடலை. ஏன்? என் கணிப்பு: 2011ல கதவைப் படார்னு உடைச்சாங்க, 2016ல கீலுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தாங்க. முன்கூட்டியே சொல்லி, கணக்கு காட்டி, ஏற்கனவே எல்லாரும் ஏத்துக்கிட்ட ப்ளெக்ஸ் பக்கத்துல கொண்டு போய் வச்சாங்க. கேள்வி கேக்கறதுல இருந்து ஆடுறவங்க மட்டும் பாடம் கத்துக்கலை. கம்பெனியும் கத்துக்கிச்சு.

2018ல கொரியாவோட பேர்ல் அபிஸ், நிபந்தனைத் தொகைகளையும் சேர்த்து 42.5 கோடி டாலருக்கு சிசிபியை வாங்கினதா அறிவிப்பு. 2022 மேயில மாசச் சந்தா 14.95ல இருந்து 19.99 டாலர் ஆச்சு. அதே வருஷம் என்எஃப்டி மோகம் உச்சத்துல இருந்தப்ப, அது ஈவுக்குள்ள வராதுன்னு சிசிபி வெளிப்படையாச் சொல்லுச்சு. அடுத்த வருஷம் பிளாக்செயின் வச்சு தனியா வேற ஒரு கேம் பண்ண 4 கோடி டாலர் முதலீடு வாங்கிச்சு. ஈவ்ல கை வச்சா என்ன ஆகும்ங்கிறதை 2011 சொல்லிக் கொடுத்திருக்குன்னு நான் எடுத்துக்கறேன்.

மத்த இடங்கள்ல

2017 நவம்பர்ல ஈஏ கம்பெனியோட 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2'. டார்த் வேடரா ஆட 60,000 கிரெடிட் சேக்கணும், சுமார் 40 மணி நேர ஆட்டம்னு ஜனங்க கணக்குப் போட்டுக் கேட்டாங்க. "பெருமையும் சாதனை உணர்வும்" வரணும்னுதான்னு கம்பெனி சொன்ன பதிலுக்கு எதிரா 6 லட்சத்துக்கும் மேல மைனஸ் ஓட்டு. விலையை 75 சதவீதம் குறைச்சாங்க, கேம் வெளிவர்றதுக்கு முந்தின நாள் காசு வாங்கற பகுதியையே நிறுத்தி வச்சாங்க. அடுத்த ஏப்ரல்ல பெல்ஜியம் சூதாட்ட ஆணையம், சில கேம்கள்ல இருக்கிற 'லூட் பாக்ஸ்' சூதாட்டம்தான்னு அறிவிச்சுது.

இங்கிலாந்து ஜாஜெக்ஸ் 2013ல 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' ஆரம்பிச்சப்ப ஒரு படி மேல போய், புதுசா எதைச் சேக்கணும்னாலும் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போடணும்னு வச்சாங்க (பின்னாடி 70 ஆக்கினாங்க). ஆனா சந்தா விலையை ஏத்தறது மட்டும் ஓட்டுக்கு வராது. சாமர்த்தியம் :-)

கடைசியா...

இத்தனையும் படிச்சதுல எனக்குத் தோணினது ஒண்ணுதான். ஆடுறவங்க கேள்வியை கம்பெனிகள் எப்பவும் விலை பத்தின கேள்வியாவே மொழிபெயர்த்துக்குது. விலைக்குப் பதில் சொல்றது சுலபம், குறைச்சுடலாம். நிஜக் கேள்வி வேற: "நான் இங்க போட்ட நேரத்துக்கு மதிப்பு இருக்கா? அந்த மதிப்பை என்னைக் கேக்காம வேற ஒருத்தனுக்கு வித்துடுவியா?" அதுக்கு ஒரு தடவை பதில் வாங்கிட்டா போதாது. ஆளும் மாறுவான், முதலாளியும் மாறுவான். வருஷாவருஷம் கேட்டுக்கிட்டே இருக்கணும். 2011ல ஜெயிச்சவங்கள்ல பாதிப் பேர் 2016ல கேக்க இல்லை. அந்த இடைவெளியிலதான் புட்டி உள்ள வந்துச்சு.

கேம் ஆடுற பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க ஆட்டத்துல அந்தக் கோடு எங்க இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆடாதவங்க, உங்களுக்குப் பழக்கமான ஏதாவது கடை, சங்கம், கோயில் வரிசை... எதுலயாவது இதே கேள்வி வந்திருக்கும், அதைச் சொல்லுங்க.

டிஸ்கி: கண்ணாடி எப்படி இருக்கும்னு கேக்கப் போறவங்களுக்கு... கண்ணாடி மாதிரிதான் இருக்கும்!